செம்பனைத் தோட்டம் தாமான் ஆனபின் தண்ணீர் எங்கே நிற்கும்?

தோட்டத்தை ஒட்டி வளர்ந்த மலேசியப் பட்டணத்தில் வெள்ளம் வடிந்த மறுநாள் பேச்செல்லாம் லோங்காங், அதாவது தெருவோர வடிகாலைப் பற்றித்தான். அடைத்துக்கொண்டது, அளவு போதவில்லை, ஊராட்சி மன்றம் துப்புரவு செய்வதில்லை. மூன்றுமே உண்மையாக இருக்கலாம். ஆனால் பல வருடம் அதே மழைக்கு ஈடுகொடுத்த லோங்காங், மேல்புறத்துச் செம்பனைத் தோட்டம் தாமான், அதாவது வீடமைப்புப் பகுதி, ஆன பிறகு திடீரெனக் கைவிடுகிறது என்றால், கோளாறு லோங்காங்கில் தொடங்கவில்லை. அந்தத் தோட்டம் சம்பளமில்லாமல் ஒரு வேலை பார்த்துக்கொண்டிருந்தது. மழைத் தண்ணீரை நிறுத்தி வைத்து, கொஞ்சங் கொஞ்சமாக ஊருக்குள் விட்டது. மரத்தைச் சாய்த்த அன்றே அந்த வேலையும் நின்றுபோனது.

செம்பனைக்கு வேரடியில் தண்ணீர் தேங்கவும் கூடாது, நிலம் காய்ந்துபோகவும் கூடாது. அதனால் தாழ்வான கடலோரத் தோட்டங்களில் மரவரிசைகளுக்கு இடையே சிறு வாய்க்கால், அவை சேரும் கூட்டு வாய்க்கால், அங்கிருந்து ஆற்றுக்கோ கடலுக்கோ போகும் பெரிய வாய்க்கால் என்று மூன்று படியாக வெட்டினார்கள். இடையிடையே பலகை போட்டு நிலத்தடி நீரை அரை மீட்டர் முதல் முக்கால் மீட்டர் ஆழத்தில் பிடித்துவைத்தார்கள். மேட்டுத் தோட்டங்களில் சரிவை வெட்டிப் படிமேடை, ஆங்காங்கே வண்டல் குழி, வெட்டிய மட்டையைச் சரிவுக்குக் குறுக்கே அடுக்குவது. இவை எல்லாமே பயிருக்காகச் செய்தவை. கீழே உள்ள கடைத்தெருவைக் காப்பாற்றுவது யாருடைய திட்டத்திலும் இல்லை. அது தானாகவே நடந்தது.

இதில் பலர் கவனிக்காத ஒன்று, தோட்டச் சாலைக்கு அடியில் போகும் குழாய். வளர்ந்த செம்பனை ஓரிரு நாள் முழங்கால் தண்ணீரில் நின்றால் சாவதில்லை. குலை வெட்டுவது தள்ளிப்போகும், அவ்வளவுதான். ஆகவே 900 மில்லிமீட்டர் சிமெண்டுக் குழாய் ஒன்றைப் புதைத்தவர்கள் பெரிய மழையை முழுவதும் அது கடத்த வேண்டும் என்று நினைக்கவில்லை. 300 மீட்டருக்கு ஒரு மீட்டர் இறக்கத்தில் போட்ட அப்படிப்பட்ட குழாய், நிறைந்து ஓடினால் வினாடிக்குச் சுமார் 1 கன மீட்டர் தண்ணீரைத்தான் கடத்தும். அதற்கு மேல் வந்தது சாலைக்குப் பின்னால் தாழ்ந்த புளோக்கில், அதாவது தோட்டப் பிரிவில், நின்றது. அதாவது தோட்டச் சாலைதான் கரை, அந்த புளோக்தான் குளம். எந்த வரைபடத்திலும் அதற்குக் குளம் என்று பெயர் இல்லை.

கணக்கைப் பார்ப்போம். மலேசியாவில் வடிகால் வரைவதற்கான அடிப்படை, நீர்ப்பாசன வடிகால் துறையின் எம்எஸ்எம்ஏ என்னும் நகர மழைநீர் மேலாண்மைக் கையேடு. முதல் பதிப்பு 2000இல் வந்தது, இரண்டாம் பதிப்பு 2012இல். பெய்த மழையில் எவ்வளவு பங்கு ஓடிவரும் என்பதற்கு அதில் ஒரு கெழு உண்டு. பெரிய மழைக்கு விவசாய நிலம் 0.40, மொட்டை மண் 0.60, வரிசை வீடுகள் 0.90, சாலை 0.95. 80 ஹெக்டருக்கு மேற்படாத நிலத்துக்கு, கெழுவையும் மழையின் வேகத்தையும் (மணிக்கு இத்தனை மில்லிமீட்டர்) பரப்பளவையும் (ஹெக்டர்) பெருக்கி 360ஆல் வகுத்தால் வினாடிக்கு எத்தனை கன மீட்டர் என்று வரும்.

40 ஹெக்டர் தோட்டம். மணிக்கு 100 மில்லிமீட்டர் மழை. 60 மில்லிமீட்டரைத் தாண்டினாலே துறையின் வகைப்பாட்டில் அது மிகக் கனமழை. தோட்டமாக இருக்கும்போது வினாடிக்கு 4.4 கன மீட்டர், வரிசை வீடுகளான பிறகு 10 கன மீட்டர். ஒரு மணி நேரத்தில் ஓடிவரும் மொத்த அளவு 16,000 கன மீட்டரிலிருந்து 36,000 ஆகிறது. கூடுதல் 20,000 கன மீட்டர். உண்மையில் வித்தியாசம் இதைவிடவும் பெரிது. மட்டைக்கும் புல்லுக்கும் இடையே நெளிந்து வர ஒரு மணி நேரம் எடுத்த தண்ணீர், கூரையிலிருந்து குழாய், குழாயிலிருந்து சிமெண்டு வடிகால் என்று இருபது நிமிடத்தில் வந்துவிடும். குறுகிய நேரத்தில் மழையின் வேகம் மணிக்கணக்கு சராசரியைவிட எப்போதும் அதிகம் என்பதால், உச்ச ஓட்டம் இன்னும் ஏறும்.

இதோடு மண் கொட்டுவதையும் சேர்க்க வேண்டும். வீட்டு மனை வெள்ள மட்டத்துக்கு மேல் இருக்க வேண்டும் என்பது விதி. அதனால் தாழ்ந்த புளோக்கைச் செம்மண் போட்டு உயர்த்துகிறார்கள். வெள்ளம் பரவும் 10 ஹெக்டர் பள்ளத்தை ஒரு மீட்டர் உயர்த்தினால் 100,000 கன மீட்டர் தண்ணீர் நிற்கும் இடம் காணாமல் போகிறது. புதுத் தாமான் நனையாது. பக்கத்தில் உயர்த்தப்படாமல் கிடக்கும் பழைய தொழிலாளர் லயம், தமிழ்ப்பள்ளி, வாய்க்கால் ஓரத்து அம்மன் கோயில் இவற்றுக்குத்தான் அந்தத் தண்ணீர் போகும். துரை பங்களா குன்றின் மேலும் லயம் சரிவின் அடியிலும் இருந்த அமைப்பு நமக்குப் புதிதில்லை. இப்போது குன்றின் இடத்தில் புதுத் தாமான் மேடை உட்கார்ந்திருக்கிறது. மேடை உயரத்துக்கு அனுமதி கொடுப்பவர்கள், அதனால் இழக்கும் கொள்ளளவுக்கு ஈடான பள்ளத்தை அதே வடிநிலத்தில் எங்கே தோண்டுகிறீர்கள் என்று கேட்க வேண்டும்.

குளம் எங்கே, எப்படி?

மேற்சொன்ன 20,000 கன மீட்டரைப் பிடிக்க, ஒன்றரை மீட்டர் ஆழம் பயன்படும் குளமென்றால் 1.33 ஹெக்டர் நீர்ப்பரப்பு வேண்டும். கரைச் சரிவு, சுற்றுப்பாதை, எக்ஸ்கவேட்டர் இறங்கும் வழி எல்லாம் சேர்த்தால் 2 ஹெக்டருக்குக் கிட்டத்தட்ட வரும். 40 ஹெக்டரில் ஐந்து விழுக்காடு. மேம்பாட்டு நிறுவனத்தின் பார்வையில், ஏக்கருக்கு 14 வீடு என்று வைத்தால் அது ஏறக்குறைய 70 வீடு. குளத்தைச் சுருக்க எல்லாத் திசையிலிருந்தும் ஏன் அழுத்தம் வருகிறது என்பதற்கு இந்த ஒரு எண் போதும்.

வரைபடத்தில் நீல நிறத்தில் ஒரு குளம் இருக்கிறது என்பதால் மட்டும் நிம்மதி அடைய முடியாது. முதலில், இடம். விற்க முடியாத மூலையில், சில சமயம் மின்கம்பித் தடத்துக்கு அடியில் குளத்தை ஒதுக்குவார்கள். அந்த மூலை நிலத்தின் தாழ்ந்த இடமாக இல்லாவிட்டால் பாதித் தாமானின் தண்ணீர் குளத்தைத் தொடாமலே வெளியேறும். இரண்டாவது, வெளிவாய். நூறாண்டுக்கு ஒருமுறை வரும் மழைக்கு மட்டும் கணக்குப் போட்டு ஒரே பெரிய திறப்பு வைத்தால், வருடத்துக்குப் பத்து முறை வரும் சாதாரணப் பெருமழை குளத்தில் தங்காமல் நேரே போய்விடும். அடியில் சிறு துளை, நடுவில் அகலமான பிளவு, மேலே அவசர வழிந்தோடி என்று படிப்படியாக இருக்க வேண்டும். வழிந்தோடி இல்லாத குளம் நிரம்பினால் கரையை உடைத்துக்கொண்டு போகும்.

மூன்றாவது, 'ஏரிக்காட்சி'. விளம்பரப் பலகையில் நீலமாகத் தெரிய வேண்டும் என்று குளத்தை எப்போதும் நிரப்பியே வைத்தால், ஏற்கெனவே தண்ணீர் இருக்கும் ஆழம் வெள்ளக் கணக்கில் வராது. நிலையான நீர்மட்டத்துக்கும் வழிந்தோடி மட்டத்துக்கும் இடைப்பட்ட உயரம்தான் உண்மையான கொள்ளளவு. மொத்த ஆழம் 3 மீட்டர் என்று பெருமையாகச் சொல்லும் குளத்தில் இந்த இடைவெளி அரை மீட்டராக இருக்கலாம்.

வண்டல்தான் குளங்களை அதிகம் கெடுப்பது. நிலத்தைச் சமன் செய்யும் மாதங்களில் மண் மொட்டையாகக் கிடக்கும். அந்த நேரத்தில் இதே குளம்தான் வண்டல் பிடிக்கும் தொட்டியாகவும் வேலை செய்கிறது. கட்டி முடித்து ஊராட்சி மன்றத்திடம் ஒப்படைக்கும்போது அடியில் 30 சென்டிமீட்டர் சேறு கிடந்தால், 1.33 ஹெக்டருக்கு அது 4,000 கன மீட்டர், கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கு. ஒப்படைக்கும் முன் அடிமட்டத்தை அளந்து, அங்கீகரித்த வரைபடத்தோடு ஒப்பிட்டு, தூர்வாரிய பிறகே வாங்கிக்கொள்வது மன்றத்தின் கையில் இருக்கும் கடைசி நெம்புகோல். அதற்குப் பிறகு தூர்வாரும் செலவு நம் மதிப்பீட்டு வரியிலிருந்துதான்.

இத்தனையும் சரியாகச் செய்தாலும் ஓர் ஓட்டை உண்டு. மேம்பாட்டுக்கு முன் இருந்த உச்ச ஓட்டத்தைத் தாண்டக் கூடாது என்பதுதான் கையேட்டு விதியின் மையம். உச்சத்தை அடக்கலாம், மொத்த அளவை அடக்க முடியாது. முன்பு ஒரு மணி நேரம் வினாடிக்கு 4.4 கன மீட்டர் வந்தது, இனி இரண்டு மணி நேரத்துக்கு மேல் வரும். ஒரே ஆற்றில் நான்கு தாமான்களின் குளங்கள் மெதுவாக வடியும்போது, முன்பு ஒன்றன்பின் ஒன்றாக வந்தவை ஒன்றின் மேல் ஒன்றாக ஏறும். ஒவ்வொரு விண்ணப்பமும் தனித்தனியாகச் சரி, சேர்த்துப் பார்த்தால் பட்டணம் மூழ்கும். இதனால்தான் வடிநிலம் முழுவதையும் ஒன்றாகப் பார்க்கும் வடிகால் பெருந்திட்டம் முதலில் வர வேண்டும், மனைப்பிரிவு வரைபடம் அதற்குப் பிறகு.

குறுகிய வாய்தான் ஊரின் அளவு

புதுத் தாமானுக்குள் இரண்டு மீட்டர் அகலப் பெட்டி வடிகால் பளபளவென்று இருக்கும். அது தாமான் எல்லையைத் தாண்டியதும் பழைய தோட்டச் சாலைக் குழாய், பிறகு ரயில் பாதை, பிறகு கடைத்தெருவின் பின்சந்து, பிறகு ஆறு. இதில் எது மிகக் குறுகலோ அதுதான் மொத்த ஊரின் கடத்தும் திறன். அதைக் கண்டுபிடிக்கப் பொறியாளர் பட்டம் தேவையில்லை. வெயில் நாளில் வெளிவாயிலிருந்து ஆறு வரை நடந்து, ஒவ்வொரு குழாய்க்கும் அகலம், உயரம், அடியில் கிடக்கும் சேற்றின் ஆழம் மூன்றையும் ஒரு நாடாவால் அளந்து எழுதினால் போதும்.

சேற்றின் ஆழத்தைப் பலர் அலட்சியம் செய்கிறார்கள். 900 மில்லிமீட்டர் குழாயில் 300 மில்லிமீட்டர் சேறு என்றால் மூன்றில் ஒரு பங்கு உயரம். பரப்பில் போவது 29 விழுக்காடுதான். ஆனால் தண்ணீர் உராயும் சுற்றளவு அந்த அளவுக்குக் குறையாமல் பரப்பு அதிகமாகச் சுருங்குவதால் வேகமும் விழுகிறது. கடத்தும் திறனில் ஏறக்குறைய 40 விழுக்காடு போய்விடும். அதன் வாயில் ஒரு மெத்தையோ மட்டைக் கட்டோ சிக்கினால் மீதியும் போச்சு.

பெரிதாக்குவது என்றால் கீழிருந்து மேலே வர வேண்டும். ஆற்றங்கரையில் உள்ள கடைசிக் குழாயை முதலில், தோட்டப் பக்கத்தை கடைசியில். புகார் சத்தமாக வரும் இடத்தில் முதலில் கை வைப்பது அரசியலுக்கு எளிது. ஆனால் மேலே பெரிதாக்கிக் கீழே விட்டுவிட்டால், ஒரு தெருவின் வெள்ளத்தை அடுத்த தெருவுக்குச் செலவு செய்து அனுப்பியதாகத்தான் ஆகும்.

யார் பெரிதாக்குவது என்பது தனிச் சிக்கல். ஆறு நீர்ப்பாசன வடிகால் துறையின் பொறுப்பு, பெருஞ்சாலைக்கு அடியில் போவது பொதுப்பணித் துறையினுடையது, தாமான் வடிகால் ஊராட்சி மன்றத்தினுடையது, ரயில் மேட்டுக்கு அடியில் ரயில்வே, மீதி தோட்டத்தின் சொந்த நிலம். மேற்குக் கரையின் பல தோட்டப் பட்டணங்கள் ரயில் பாதையை ஒட்டியே வளர்ந்தவை. அந்த மேடு ஊருக்குக் குறுக்கே நீளமான ஓர் அணை. அதிலுள்ள துளைகள் ரப்பர் காலத்து நீரோட்டத்துக்கு வைத்தவை.

தோட்ட வாய்க்காலுக்குச் சட்டப்படி ஒதுக்கீட்டு நிலம் பெரும்பாலும் கிடையாது. ஆற்றுக்கு உண்டு. அகலம் 5 மீட்டருக்குக் குறைந்த ஆற்றுக்கு இரு கரையிலும் 5 மீட்டர், 5 முதல் 10 வரை 10 மீட்டர், 10 முதல் 20 வரை 20 மீட்டர், 40க்கு மேல் 50 மீட்டர் என்று துறையின் வழிகாட்டி சொல்கிறது. அதே அகலமுள்ள தோட்டத்துப் பெரிய வாய்க்கால், தனியார் பட்டாவுக்குள் இருப்பதால் வெறும் பள்ளம். நிலம் துண்டு துண்டாகும்போது அந்தப் பள்ளமும் துண்டாகிறது. தோட்டத் துண்டாடல் நம் சமூகத்துக்கு நன்றாகத் தெரிந்த வரலாறு. இந்திய சமூகத் தலைவர் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதே அதை எதிர்கொள்ளத்தான். தொழிலாளர்களுக்கு நேர்ந்ததைப் பேசுகிறோம். வாய்க்காலுக்கு நேர்ந்ததை யாரும் பேசுவதில்லை. ஒரு கையில் இருந்தபோது தோட்ட ஆட்களே தூர்வாரினார்கள். பத்துக் கைக்குப் போன பிறகு நடுவில் ஒருவர் மண் போட்டு மூடினாலும் கேட்க ஆளில்லை. இன்று 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலம் கைமாற, தேசிய நிலச் சட்டத்தின் 214ஏ பிரிவின்படி தோட்ட நில வாரியத்தின் அனுமதி வேண்டும். நிலத்தின் பயன்பாடு மாறும் கட்டத்திலேயே பெரிய வாய்க்காலை இரு கரையோடு அரசிடம் ஒப்படைக்கச் சொல்லிவிட்டால், பின்னால் பல மில்லியன் ரிங்கிட் கொடுத்து நிலம் எடுக்க வேண்டியதில்லை.

மலையடியும் கடலோரமும்

காப்பார், கேரித் தீவு, பாகான் டத்தோ பக்கம் கடலும் சேர்ந்துகொள்கிறது. மலாக்கா நீரிணையில் நாளுக்கு இருமுறை கடல் ஏறி இறங்கும். கடல் ஏறும்போது தோட்டத்து வாய்க்கால் முனையிலுள்ள மடைக்கதவு மூடிக்கொள்ளும். அந்த நேரத்தில் பெய்யும் மழைக்கு வெளியேற வழியில்லை. கடல் இறங்கும்வரை, பல மணி நேரம், உள்ளேயே நிற்க இடம் வேண்டும். இங்கே குளத்தின் அளவை மழையை வைத்து மட்டும் போடுவது தவறு. கதவு மூடியிருக்கும் நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கரி மண் நிலமானால் தண்ணீரை வடிக்க வடிக்க மண்ணே வருடத்துக்குச் சில சென்டிமீட்டர் அமிழும். இருபது வருடம் முன்பு தானாக வடிந்த நிலம் இன்று பம்ப் கேட்கிறது. பம்ப் என்றால் மின்சாரம், ஜெனரேட்டர், டீசல், இரவு இரண்டு மணிக்கு ஓட்ட ஓர் ஆள். 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஆற்றோரம் கட்டிய கரைக்கு உள்ளே தாழ்ந்து கிடந்த ஷா ஆலம் ஸ்ரீ மூடா பட்ட பாடு, கரை கட்டிய பள்ளத்தின் பலவீனத்தை நாட்டுக்கே காட்டியது. அந்த வெள்ளத்தின் மொத்த இழப்பைப் புள்ளிவிவரத் துறை 6.1 பில்லியன் ரிங்கிட் என்று மதிப்பிட்டது.

சுங்கை சிப்புட், பீடோங், பாலிங் போன்ற மலையடி ஊர்களுக்கு வேறு ஆபத்து. 2021 ஆகஸ்டில் ஜெராய் மலையிலிருந்து யான் பக்கம் இறங்கியதும், 2022 ஜூலை 4ஆம் தேதி பாலிங் கூப்பாங்கில் இறங்கியதும் வெறும் தண்ணீரல்ல. மரமும் சேறும் கல்லும். மரக்கட்டை பாலத்தில் குறுக்கே விழுந்தால் அந்தப் பாலமே அணையாகிவிடும். இத்தகைய ஊர்களில் நடுத்தூண் இல்லாத பாலம், மேல்நீரில் கட்டை பிடிக்கும் தடுப்பு, ஆற்றோரத்தில் வீடில்லாத பட்டை நிலம் ஆகியவை குளத்தைவிட முக்கியம்.

இரண்டு வகை ஊருக்கும் பொதுவான ஒன்று மறுநடவு. செம்பனைக்கு ஆயுள் சுமார் 25 வருடம். ஒரு முழு டிவிசனை ஒரே வருடத்தில் சாய்த்தால், மூடுபயிர் படரும்வரை அந்த நிலம் தோட்டமில்லை, மொட்டை மண். ஏப்ரல், அக்டோபர் பருவமாற்ற மாதங்களின் மாலை இடிமழைதான் மேற்குக் கரையில் திடீர் வெள்ளத்துக்கு முக்கியக் காரணம். சாய்க்கும் வேலையை அந்த மாதங்களில் வைத்துக்கொள்ளாமல், மூன்று நான்கு வருடத்துக்குப் பகுதி பகுதியாகப் பிரித்தால் கீழே உள்ள ஊருக்கு வரும் வண்டல் வெகுவாகக் குறையும். நடவு வேலை என்பதால் மேம்பாட்டு அனுமதி எதுவும் இதைத் தொடுவதில்லை. மாவட்ட அலுவலகம் தோட்ட நிர்வாகத்தைக் கூப்பிட்டுப் பேசினால்தான் உண்டு.

காற்று ஒரு டிகிரி சூடானால் அது தாங்கும் ஈரப்பதம் சுமார் 7 விழுக்காடு கூடும். குறுகிய நேர மழையின் வேகம் அதனோடு ஏறும். தேசிய நீர் ஆராய்ச்சிக் கழகமான நாஹ்ரிம், வடிகால் வடிவமைக்க எடுக்கும் மழையளவோடு பெருக்கிக்கொள்ள வேண்டிய பருவநிலைக் காரணிகளை 2013இலேயே தீபகற்பத்துக்கு வெளியிட்டது. ஒரு திட்டத்தின் வடிகால் அறிக்கையில் அந்தக் காரணி சேர்க்கப்பட்டிருக்கிறதா என்பது ஒரே வரியில் பதில் வர வேண்டிய கேள்வி. சிமெண்டைப் பின்னால் உயர்த்தலாம். நிலத்தைப் பின்னால் வாங்க முடியாது. ஆகவே பணம் குறைவாக இருந்தால் சிறிய குளத்தைத் தோண்டி, பெரிய குளத்துக்கான இடத்தை இப்போதே ஒதுக்கி, அதுவரை திடலாக விடுவது நல்ல பேரம்.

எப்போது வாய் திறப்பது என்பதில்தான் நம்மவர்கள் பெரும்பாலும் பிந்துகிறார்கள். 1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின் 21ஆவது பிரிவு, பக்கத்து நில உரிமையாளர்களுக்கு அறிவிப்பு அனுப்பி 21 நாளுக்குள் ஆட்சேபம் கேட்கச் சொல்கிறது. ஆனால் அது உள்ளூர்த் திட்டம் இல்லாத இடத்துக்குத்தான். உள்ளூர்த் திட்டம், அதாவது ரஞ்சாஙான் தெம்பத்தான், அரசிதழில் வந்துவிட்ட ஊரில் அந்தத் தோட்டம் ஏற்கெனவே வீடமைப்பு நிறத்தில் இருந்தால், பக்கத்து வீட்டுக்காரர் பேசும் வாய்ப்பு வெகுவாகச் சுருங்கிவிடும். ஆகவே புல்டோசர் வந்த பிறகு கூட்டம் போடுவதைவிட, வரைவுத் திட்டம் மன்ற அலுவலகத்தில் பார்வைக்கு வைக்கப்படும் அந்த நான்கு வாரம்தான் முக்கியம். போகும்போது இரண்டு தாள் போதும். நடந்து அளந்த குழாய்களின் பட்டியல் ஒன்று. கடந்த வெள்ளங்களில் எந்தச் சுவரில் எவ்வளவு உயரம் கறை ஏறியது என்று தேதியும் வீட்டு எண்ணும் போட்ட படம் இன்னொன்று. வாய்மொழிப் புகார் ஒரு காதில் வாங்கி மறு காதில் போய்விடும். எழுத்தில் கொடுத்த அளவுக்கு மன்றமும் துறையும் எழுத்தில்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். மனுவின் முதல் வரியில், குளத்தின் வெளிவாயைத் தாமான் எல்லையில் உள்ள புதிய வடிகாலின் அளவுக்கு அல்ல, பட்டியலில் உள்ள மிகக் குறுகிய குழாயின் அளவுக்கு வடிவமைக்க வேண்டும் என்று கேளுங்கள்.